ஆழத்துக்குப் போய்த் திரும்பிய பாறைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்டங்கள் மோதும் இடங்களில் கிடைக்கும் உயர் அழுத்த உருமாறிய பாறைகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை வைத்திருக்கிறேன். முதலில் உள்ளவை எளியவை, போகப் போகச் சிக்கல் கூடும். நடுவிலிருந்து படிக்கத் தொடங்கி ஏதாவது சொல் புரியவில்லை என்றால் மேலே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உருமாறிய பாறைன்னா உருகி மறுபடியும் இறுகின பாறைதானே?

இல்லை. உருகி இறுகினால் அது தீப்பாறை. உருமாற்றம் பாறை திடமாக இருக்கும்போதே நடக்கிறது. அழுத்தமும் வெப்பமும் மாறும்போது பழைய கனிமங்களில் இருக்கும் அணுக்கள் இடம் பெயர்ந்து, அந்தச் சூழலுக்கு ஒத்துவரும் புதிய கனிமங்களாக அடுக்கிக்கொள்கின்றன. நீரும் கரியமில வாயுவும் ஓரளவு வெளியேறும். மற்றபடி சரக்கு அதேதான், அடுக்கிய விதம்தான் வேறு.

எந்தக் கனிமம் எந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும் நிலைத்திருக்கும் என்று ஆய்வகங்களில் அளந்து வைத்திருக்கிறார்கள். ஆகவே பாறையில் இருக்கும் கனிமங்களைப் படித்தால் அது எங்கே போய்வந்தது என்று சொல்லிவிடலாம். கீழே வரும் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

உயர் அழுத்தம்னா எவ்வளவு? ஒரு கணக்கு சொல்லுங்க.

மேலே இருக்கும் பாறையின் எடைதான் அழுத்தம். ஏறக்குறைய 35 கி.மீ. ஆழம் இறங்கினால் 1 கிகாபாஸ்கல், அதாவது தரைமட்டக் காற்றழுத்தத்தைப் போல் சுமார் 10,000 மடங்கு. கண்டங்களின் மேலோடு சாதாரணமாக 35 முதல் 40 கி.மீ. தடிமன் இருக்கும். பூமியிலேயே மிகத் தடித்த இடங்களில் ஒன்றான திபெத்தின் அடியில்கூடச் சுமார் 70 கி.மீ.தான். எனவே மேலோடு தடித்தால் மட்டும் கிடைக்கும் அழுத்தம் 2 கிகாபாஸ்கலை ஒட்டியே நின்றுவிடும்.

இந்தப் பாறைகளில் ஒரு பிரிவு 2.7 கிகாபாஸ்கலையும் தாண்டியவை. 90 முதல் 100 கி.மீ. ஆழம்! இவற்றை ‘மிகை உயர் அழுத்தப் பாறைகள்’ என்று தனியாகச் சொல்வார்கள். இந்த 2.7 என்ற எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி மறுபடி வரும்.

அவ்வளவு ஆழம் போனா சூடு தாங்காம உருகிடாதா?

சாதாரண இடத்தில் ஆழம் போனால் உருகிவிடும். நிலையான கண்டத்தின் மேற்பகுதியில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 25 முதல் 30 டிகிரி வரை சூடு ஏறுகிறது. ஆனால் ஒரு புவித்தட்டு இன்னொன்றின் அடியில் சறுக்கி இறங்கும் கீழமிழ்தல் மண்டலத்தில் கதை வேறு. குளிர்ந்த தட்டு வேகமாக இறங்குகிறது, பாறையோ வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்துவது. சுற்றியிருக்கும் சூடு உள்ளே வந்து சேர்வதற்குள் தட்டு பல கிலோமீட்டர் போய்விடும். அங்கே கிலோமீட்டருக்கு 5 முதல் 10 டிகிரி ஏறினாலே அதிகம்.

அதனால் 100 கி.மீ. ஆழத்திலும் 600, 700 டிகிரியோடு ஒரு பாறை திடமாக இருக்க முடிகிறது. மிகுந்த அழுத்தம், ஆனால் அந்த ஆழத்துக்குக் குறைவான வெப்பம். இந்தச் சேர்க்கை பூமியில் வேறெங்கும் வாய்ப்பதில்லை. ஆகவே இந்தப் பாறையைப் பார்த்தாலே ‘இங்கே ஒரு காலத்தில் ஒரு தட்டு கீழே போயிருக்கிறது’ என்று தயங்காமல் சொல்லலாம்.

எக்ளோஜைட்டைக் கையில் வச்சுப் பாத்தா எப்படி அடையாளம் தெரியும்?

எக்ளோஜைட் இந்த உயர் அழுத்தப் பாறைகளில் ஒன்று. ஒருமுறை பார்த்தால் மறக்காது. புல்பச்சை நிறத்தில் ஒரு தளம், அதில் மாதுளை முத்துகளைப் பதித்த மாதிரி சிவப்புக் கார்னெட் உருண்டைகள். பச்சையாக இருப்பது ஆம்ஃபசைட், சோடியம் கலந்த ஒரு பைராக்சீன் கனிமம். அப்புறம் எடை. அதே அளவு கிரானைட் துண்டை ஒரு கையிலும் இதை மறு கையிலும் வைத்தால் வித்தியாசம் உடனே தெரியும். கிரானைட்டின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு சுமார் 2.7 கிராம், எக்ளோஜைட்டுக்கு 3.5 வரை போகும். 1822இல் பிரெஞ்சுக் கனிமவியலாளர் ரெனே ஜூஸ்ட் அயூய் இதற்குப் பெயர் வைத்தபோது, ‘தேர்ந்தெடுத்தது’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தார். இந்தக் கனிமங்கள் இப்படிச் சேர்ந்திருப்பதை அவர் வேறெங்கும் கண்டதில்லை.

இத்தனைக்கும் இது தொடக்கத்தில் வெறும் பசால்ட் அல்லது காப்ரோ, அதாவது உருகிய குழம்பு இறுகிய கரிய தீப்பாறை. அந்தப் பாறைகளில் பாதிக்கு இருப்பது பிளாஜியோக்ளேஸ் என்ற ஃபெல்ஸ்பார். அழுத்தம் ஏறும்போது அது தாக்குப்பிடிக்காது. அதன் சோடியப் பகுதியான ஆல்பைட், ஜேடைட்டாகவும் குவார்ட்ஸாகவும் பிரிகிறது. அந்த ஜேடைட் ஆம்ஃபசைட்டுக்குள் போய்ச் சேர்கிறது, சுண்ணப் பகுதி கார்னெட்டுக்குப் போகிறது. ஆகவே எக்ளோஜைட் என்று சொல்லும் முன் பார்க்க வேண்டியது, பிளாஜியோக்ளேஸ் அறவே இல்லையா என்பதை. அது கொஞ்சம் இருந்தாலும் பாறை கிரானுலைட் (அதிகச் சூட்டில் உருவாகும் இன்னொரு உருமாறிய பாறை) பக்கம் போய்விடும். சிவப்பையும் பச்சையையும் பார்த்த மகிழ்ச்சியில் பலர் தவறுவது இங்கேதான்.

நீலப் பாறைன்னு ஒண்ணு சொல்றாங்களே, அதுவும் இதுவும் ஒண்ணா?

உறவு உண்டு, ஒன்றல்ல. நீலச்சிஸ்ட் என்பது அதே பாதையில் முன்னால் வரும் நிறுத்தம். பசால்ட் இன்னும் குறைந்த வெப்பத்தில், 200 முதல் 500 டிகிரிக்குள், அழுத்தம் ஏறும்போது கிளாக்கோஃபேன் என்ற நீலக் கனிமம் உருவாகிறது. இன்னும் இறங்கினால் அது நீரை விட்டுவிட்டு எக்ளோஜைட்டாகிறது. நீலச்சிஸ்ட் பெரும்பாலும் கடல் தட்டு இறங்கிய காலத்தின் அடையாளம். லடாக்கில் சிந்துத் தையல் மண்டலத்தில் (இந்தியாவும் ஆசியாவும் ஒட்டிக்கொண்ட கோடு), ஷெர்கோல் அருகே கிடைப்பது அப்படிப்பட்டது. கண்டங்கள் மோதுவதற்கு முன்பு அங்கே இருந்த கடல் கீழே போனதை அது காட்டுகிறது.

கண்டம் லேசானது, மூழ்காதுன்னுதானே பாடத்தில் படிச்சோம்?

பாடம் சரிதான். ஆனால் கண்டம் தானாக மூழ்குவதில்லை, இழுத்துச் செல்லப்படுகிறது. இரண்டு கண்டங்களுக்கு நடுவே முதலில் ஒரு கடல் இருக்கும். அந்தக் கடல் தட்டு கோடிக்கணக்கான ஆண்டுகளாக ஒரு கண்டத்தின் அடியில் இறங்கிக்கொண்டிருக்கும். இறங்கிய பகுதி எக்ளோஜைட்டாகி, சுற்றியிருக்கும் கவசத்தைவிட (மேலோட்டுக்கு அடியில் இருக்கும் அடுக்கு) கனமாகிவிடுவதால் மேலும் மேலும் இழுக்கும். கடல் தீர்ந்ததும் அதன் பின்னாலேயே ஒட்டியிருக்கும் கண்டத்தின் விளிம்பும் சேர்ந்தே இறங்கும். கிணற்றில் விழும் வாளி கயிற்றையும் இழுத்துக்கொண்டு போகிற மாதிரிதான்.

எவ்வளவு தூரம் போகும் என்பதுதான் சண்டையாக இருந்தது. கொஞ்சம் இறங்கும், பிறகு மிதப்பு விசை தடுத்துவிடும் என்றுதான் 1980களின் தொடக்கம் வரை பெரும்பாலானவர்கள் நினைத்தார்கள். 100 கி.மீ. என்று சொல்லியிருந்தால் யாரும் ஏற்றிருக்க மாட்டார்கள்.

அப்போ 100 கி.மீ. போனதுக்கு என்ன சாட்சி?

கோயசைட். குவார்ட்ஸும் இதுவும் ஒரே பொருள், இரண்டுமே சிலிக்கா. 2.7 கிகாபாஸ்கலைத் தாண்டும்போது குவார்ட்ஸ் நெருங்கி அடுக்கிக்கொண்டு கோயசைட்டாகிறது. 1953இல் லோரிங் கோஸ் என்ற வேதியியலாளர் இதை ஆய்வகத்தில் செய்தார். இயற்கையில் முதலில் கண்டது 1960இல், அரிசோனாவில் விண்கல் விழுந்த பள்ளத்தில். எனவே விண்கல் மோதிய இடத்தில்தான் இது இருக்கும் என்றே வைத்திருந்தார்கள். 1984இல் இரண்டு செய்திகள் வந்தன. மேற்கு ஆல்ப்ஸில், இத்தாலியின் டோரா மைராவில் கிறிஸ்டியன் ஷோப்பன் கண்டுபிடித்தார். நார்வேயின் மேற்கு நைஸ் பகுதியில் (நைஸ் என்பது பட்டை பட்டையாகத் தெரியும் ஓர் உருமாறிய பாறை) டேவிட் ஸ்மித் கண்டுபிடித்தார். டோரா மைராவின் பாறை ஒரு காலத்தில் மேலோட்டில் இருந்த சாதாரணக் கண்டப் பாறை என்பதுதான் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது.

அந்தச் சாட்சியை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். பாறையை 0.03 மி.மீ. தடிமனுக்குத் தேய்த்த சீவல், அதில் இளஞ்சிவப்புக் கார்னெட். அதற்குள் ஒரு சின்னத் துணுக்கு. துணுக்கின் நடுவில் மேடாக எடுத்துக்காட்டும் ஒரு மணி, அதுதான் கோயசைட். அதைச் சுற்றி வேலிக்குச்சி நட்டது போல வரிசையாக நிற்கும் நுண்ணிய குவார்ட்ஸ் இழைகள். அங்கிருந்து கார்னெட்டுக்குள் நாலாபுறமும் கதிர் போலப் பாயும் விரிசல்கள். உறுதிசெய்ய ராமன் நிறமாலை (லேசர் ஒளி சிதறும் விதத்தை வைத்துக் கனிமத்தை அடையாளம் காணும் முறை) எடுப்பார்கள், 521 என்ற இடத்தில் கோடு எழுந்தால் கோயசைட்தான். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அந்த விரிசல்களைக் கண்டதும் மூச்சு ஒரு கணம் நிற்கும். ஒரு கண்டம் கீழே போய் வந்ததன் தடயம் அதற்குள் இருக்கிறது.

மேலே வந்ததும் அது குவார்ட்ஸாகவே மாறியிருக்கணுமே, எப்படித் தப்பிச்சது?

பெரும்பாலும் தப்பவில்லை. பாறையின் பொதுப் பகுதியில் இருந்த கோயசைட் முழுவதும் குவார்ட்ஸாக மாறிவிட்டது. கார்னெட், சிர்கான் போன்ற கெட்டியான கனிமங்களுக்குள் சிக்கியது மட்டும் பிழைத்தது. கோயசைட்டின் அடர்த்தி 2.92, குவார்ட்ஸுக்கு 2.65. அதாவது மாறும்போது சுமார் 10 சதவீதம் வீங்க வேண்டும். கார்னெட் அதற்கு இடம் கொடுப்பதில்லை. வெளியே அழுத்தம் குறைந்தாலும் உள்ளே அழுத்தம் அப்படியே நிற்கிறது, மாற்றமும் நின்றுவிடுகிறது. ஒரு கட்டத்தில் கார்னெட் தாங்காமல் வெடிக்கிறது. மேலே சொன்ன கதிர் விரிசல்கள் அந்த வெடிப்புதான்.

விரிசல் வழியே நீர் உள்ளே போனால் மீதிக் கோயசைட்டும் போய்விடும். பாறை ஏற்கெனவே ஆறிவிட்டு, நீரும் எட்டாமல் இருந்தால் ஒரு சின்ன மணி மிஞ்சும். டோரா மைராவின் பைரோப் கார்னெட்டுகளில் சில 20 செ.மீ. குறுக்களவு வரை வளர்ந்தவை. அவ்வளவு பெரிய காவலாளி வாய்த்தது அந்தக் கோயசைட்டின் நல்வாய்ப்பு.

வைரம்கூட இருக்காமே, வெட்டி எடுக்கலாமா?

இருக்கிறது. கஜகஸ்தானின் கோக்சேதாவ் பகுதியில், ஒரு காலத்தில் படிவுப் பாறையாக இருந்த நைஸில், கார்னெட்டுக்குள்ளும் சிர்கானுக்குள்ளும் வைரம் இருப்பதை 1990இல் சோபொலெவும் ஷாட்ஸ்கியும் வெளியிட்டார்கள். பிறகு சீனாவின் தாபியே மலையிலும் நார்வேயிலும் கிடைத்தது. அளவு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். நகைக்கு ஆகாது. ஆனால் வைரம் உருவாக 120 கி.மீ.க்கும் மேல் இறங்க வேண்டும். மேற்பரப்பில் சேறாகப் படிந்த ஒன்று அந்த ஆழம்வரை போய் வந்திருக்கிறது. எனக்கு அதுதான் மதிப்பு.

இமயமலையில் இது இருக்கா?

இரண்டு இடங்களில் கோயசைட்டோடு இருக்கிறது. ஒன்று லடாக்கில் த்ஸோ மோரிரி ஏரிப் பக்கம், மற்றொன்று பாகிஸ்தானின் காகான் பள்ளத்தாக்கு. இரண்டிலும் கண்டுபிடிப்பு வெளியானது 2001இல். வெளிர் நைஸுக்குள் கரிய எக்ளோஜைட் வில்லைகள் ஆங்காங்கே செருகியிருக்கும். ஆசியாவை முட்டிய இந்தியக் கண்டத்தின் முன்விளிம்பு அது.

காகான் பாறையின் சிர்கான் சுமார் 4.6 கோடி ஆண்டு என்று காட்டுகிறது. த்ஸோ மோரிரியின் வயது ஏறக்குறைய 5.3 கோடிக்கும் 4.7 கோடிக்கும் இடையில் என்று வெவ்வேறு அளவீடுகள் சொல்கின்றன. எப்படிப் பார்த்தாலும் மோதல் தொடங்கிய சில காலத்திலேயே இந்தியாவின் விளிம்பு 100 கி.மீ. ஆழம் போய்விட்டது. இமயமலை இன்றைய உயரத்துக்கு எழுவதற்கு முன்பே நடந்தது இது. கிழக்கே நேபாளம், பூட்டான் பக்கம் கிடைப்பவை வயதில் மிக இளையவை, சூடேறி கிரானுலைட்டாகப் பாதி மாறிப்போனவை. இரண்டையும் ஒரே கதையில் போட்டுக் குழப்பாதீர்கள்.

போனது சரி, எப்படித் திரும்பி வந்துச்சு?

இதுதான் நல்ல கேள்வி. முதலில் எது இல்லை என்று பார்ப்போம். மேலே இருப்பது மழையிலும் பனியாற்றிலும் அரித்துப் போக, அடியில் இருப்பது எழுந்தது என்று சொல்லிப் பாருங்கள். ஆண்டுக்கு 1 மி.மீ. என்பது நல்ல வேகமான அரிப்பு. அந்தக் கணக்கில் 100 கி.மீ. அரிக்க 10 கோடி ஆண்டு வேண்டும். காகான் பாறை அதில் பாதிக் காலத்துக்கும் முந்தியே வெளியே வந்துவிட்டது. போதாக்குறைக்கு, அவ்வளவு மெதுவாக வந்திருந்தால் பாறை சூடேறியிருக்கும், மூன்றாவது பதிலில் சொன்ன குளிர் மிஞ்சியிருக்காது, கோயசைட்டும் தப்பியிருக்காது.

பெரும் பங்கு மிதப்பு விசைக்குத்தான். கண்டப் பாறை 100 கி.மீ. ஆழத்திலும் ஏறக்குறைய 3.0 அடர்த்தியில்தான் இருக்கிறது, சுற்றியுள்ள கவசத்துக்கு 3.3க்கு மேல். முன்னால் இழுத்துக்கொண்டிருந்த கனமான கடல் தட்டு அறுந்துவிட்டாலோ, கண்டத்தின் ஒரு பாளம் தட்டிலிருந்து உரிந்துகொண்டாலோ, அது தண்ணீருக்குள் அழுத்திவிட்ட கட்டை போல மேலே கிளம்பும். வந்த வழியாகவே வரும். களத்தில் இதற்கு ஓர் அடையாளம் உண்டு: பாளத்தின் அடியில் அது மற்றவற்றின் மேல் ஏறிய பிளவு, மேல்புறம் மேலிருந்த பாறை சரிந்து விலகிய பிளவு. இரண்டும் ஒரே காலத்தவை. நடுவிலுள்ள ஆப்பு பிதுங்கி வெளியே வந்திருக்கிறது.

எக்ளோஜைட் 3.5 அடர்த்தி, அது மிதக்காதே என்று அடுத்துக் கேட்பீர்கள். தனியாக இருந்தால் மிதக்காது. நைஸுக்குள் சிறு வில்லைகளாக இருப்பதால் நைஸ் சுமந்துகொண்டு வந்தது. கடல் தட்டின் எக்ளோஜைட்டில் மிகப் பெரும்பகுதி திரும்பாமல் போய்விட்டதற்கும் காரணம் இதுவே. கண்டப் பாறைக்கும் எல்லை உண்டு. சுமார் 300 கி.மீ. ஆழத்தில் கோயசைட் இன்னும் நெருங்கி ஸ்டிஷோவைட்டாகிறது, அதற்குப் பிறகு பாறை கவசத்தைவிடக் கனம். அங்கே போனது மிதந்து திரும்பாது.

எவ்வளவு வேகமா வந்துச்சுன்னு எப்படிச் சொல்றாங்க?

ஒரே பாறையில் வெவ்வேறு ஆழத்தில் வளர்ந்த கனிமங்களுக்குத் தனித்தனியாக வயது கணக்கிட்டு. சிர்கான், டைட்டனைட் போன்றவற்றில் யுரேனியம் ஈயமாகச் சிதைந்த அளவையும், கார்னெட்டில் லுட்டீசியம் ஹாஃப்னியமாக மாறிய அளவையும் பார்ப்பார்கள். டோரா மைராவில் 3.5 கிகாபாஸ்கலில் வளர்ந்தவை சுமார் 3.5 கோடி ஆண்டு, 1 கிகாபாஸ்கலில் வளர்ந்தவை அதற்கு ஏறக்குறைய 20 லட்சம் ஆண்டு பின்னால். ஆண்டுக்கு 3 செ.மீ.க்கு மேல் என்று கணக்கு வருகிறது. புவித்தட்டுகள் நகரும் வேகமே அதுதான். இறங்கிய வேகத்திலேயே ஏறியிருக்கிறது! மேலோட்டை நெருங்கியதும் வேகம் குறைந்துவிட்டது.

சுத்தியிருக்கிற நைஸ் சாதாரணமாத்தானே இருக்கு? எக்ளோஜைட் மட்டும் ஆழத்திலிருந்து வந்து அதில் செருகிக்கிச்சோ?

நார்வேயில் பல பத்தாண்டுகள் ஓடிய வாதம் இது. நைஸில் ஃபெல்ஸ்பாரும் மைக்காவும் குவார்ட்ஸும்தான் இருக்கின்றன, 20 அல்லது 30 கி.மீ. ஆழத்துக் கனிமங்கள். அப்படியென்றால் எக்ளோஜைட் வந்தேறி என்று ஒரு கட்சி, இருவரும் சேர்ந்தே போய் வந்தார்கள் என்று இன்னொரு கட்சி.

தீர்த்து வைத்தது சிர்கான். சாதாரண நைஸின் சிர்கான் மணிகளை உடைத்துப் பார்த்தபோது அவற்றுக்குள்ளும் கோயசைட் இருந்தது. சீனாவின் சூலு பகுதியில் தோங்ஹாய் என்ற இடத்தில் 2001 முதல் 2005 வரை 5,158 மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டார்கள். எக்ளோஜைட், நைஸ் என்று வேறுபாடில்லாமல் அந்தத் துளையின் பாறைகளில் சிர்கானுக்குள் கோயசைட் கிடைத்தது. ஆக முழுப் பாளமும் போயிருக்கிறது. வரும் வழியில் நைஸ் நீரை வாங்கிக்கொண்டு எளிதில் மாறிவிட்டது, இறுக்கமான எக்ளோஜைட் மாறாமல் நின்றது. எக்ளோஜைட் வில்லையின் ஓரத்தைப் பாருங்கள், அங்கே அதுவும் நீரை வாங்கிக் கறுத்து ஆம்ஃபிபோலைட் என்ற பாறையாகியிருக்கும்.

ஆழம் போன பாறை எல்லாம் கட்டாயம் மாறிடுமா?

மாறாமலும் இருக்கும். நார்வேயில் பெர்கன் அருகே ஹோல்ஸ்னோய் தீவில் இது கண்கூடு. பழைய கிரானுலைட் அப்படியே நிற்கிறது, அதற்குள் ஓடும் விரிசல்களை ஒட்டிச் சில செ.மீ. அகலத்துக்கு மட்டும் எக்ளோஜைட். இரண்டும் ஒரே ஆழத்தில்தான் இருந்தன. விரிசல் வழியே நீர் போன இடம் மாறியது, காய்ந்த இடம் மாறவில்லை. 1980களில் ஹோகன் ஆஸ்ட்ரைம் இதை விளக்கினார். எனவே ஒரு பாறையில் உயர் அழுத்தக் கனிமம் காணவில்லை என்பதற்காக அது ஆழம் போகவில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

அழுத்தம்னா ஆழம்தான்னு எப்படி நம்புறது? பக்கவாட்டு நெருக்கலில் கூடுதல் அழுத்தம் வராதா?

வரலாம். பாறை வலுவாக இருந்தால், மோதலின் நெருக்கலால் மேலே இருக்கும் எடையைவிடக் கூடுதல் அழுத்தம் உருவாகும் என்று கணிப்பொறி மாதிரிகள் காட்டுகின்றன. அப்படியானால் 100 கி.மீ. என்பது உண்மையில் 60 அல்லது 50 ஆக இருக்கலாமே என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். வாதம் இன்னும் முடியவில்லை.

நான் ஆழக் கட்சி. கூடுதல் அழுத்தத்துக்கு வலுவான பாறை வேண்டும், ஆனால் 700 டிகிரியில் குவார்ட்ஸ் நிறைந்த கண்டப் பாறை மிக எளிதாக வழிந்துவிடும். சின்ன வில்லையில் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளப் பகுதி முழுக்க ஒரே மாதிரி இரட்டிப்பு அழுத்தம் நிலைத்தது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அதே சமயம் ஆழக் கணக்கில் சில கிலோமீட்டர் கூடக் குறைய இருக்கும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மிகப் பழைய பாறைகளில் ஏன் இது கிடைக்கல?

கோயசைட்டுள்ள பாறைகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று மாலி நாட்டில் இருக்கிறது, சுமார் 62 கோடி ஆண்டு. கோக்சேதாவ் 53 கோடி, நார்வே 40 கோடியை ஒட்டி, தாபியே–சூலு 22 முதல் 24 கோடி. பூமியின் வயதான 454 கோடியோடு வைத்துப் பார்த்தால் எல்லாமே அண்மைக் காலம். பூமி முன்பு உள்ளே இன்னும் சூடாக இருந்ததால் தட்டுகள் குளிராக ஆழம் போக முடியவில்லை என்பது பரவலான விளக்கம். பழையவை இருந்து அழிந்துபோயின என்றும் சொல்கிறார்கள். முதல் விளக்கத்தில் வலு கூட என்று நினைக்கிறேன், ஆனால் எட்டாவது பதிலில் சொன்ன மாதிரி சாட்சி எவ்வளவு எளிதில் அழியும் என்பதையும் மறக்கக் கூடாது.

இப்பவும் எங்கேயாவது இது நடக்குதா?

நடக்கிறது. மத்திய ஆசியாவின் பாமிர் மலைகளுக்கு அடியில் நிலநடுக்க அலைகளை வைத்துப் பார்த்தால், மெதுவாக அலை கடக்கும் ஓர் அடுக்கு சுமார் 150 கி.மீ. வரை சரிவாக இறங்குவது தெரிகிறது. கவசத்தில் அலை அப்படித் தயங்காது. அது கீழே போய்க்கொண்டிருக்கும் கண்ட மேலோடு.

அங்கேயே தென்கிழக்குப் பாமிரில், சுமார் 1.1 கோடி ஆண்டுக்கு முந்தைய எரிமலைப் பாறைகளுக்குள், ஆழத்திலிருந்து பிய்த்துக்கொண்டு வந்த எக்ளோஜைட், கிரானுலைட் துண்டுகள் கிடைக்கின்றன. சுமார் 90 கி.மீ. ஆழம் வரை போயிருந்த கண்டப் பாறைகள் அவை. மேலே சொன்ன நீண்ட வழி எதுவும் அவற்றுக்கு வேண்டியிருக்கவில்லை, எரிமலைக் குழம்பு நேராகவே தூக்கிக்கொண்டு வந்துவிட்டது.